டிராக்டர் செட்டுக்குக் கலப்பையில் இருந்து அளவெடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தாழக்குடி பக்கம் எங்களுக்கு 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. வாடகை உழவுக்கு ஓட்டுவது என் வீட்டுக்காரர். கணக்கு, டீசல், கருவிகள், டிராக்டர் நிறுத்தும் செட் (கொட்டகை) எல்லாம் என் பொறுப்பு. புதிதாக செட் போட நினைக்கிறவர்கள் எங்களுடையதைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது ஷட்டர் என்ன விலை, ஷீட் என்ன விலை என்றுதான். அதெல்லாம் கடைசி. டிராக்டரை எங்கே நிறுத்துவது என்பதுகூடப் பெரிய கேள்வி இல்லை, அது தானாக வரும், தானாகப் போகும். சுழலும் பிளேடால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் அப்படி இல்லை. நானூறு கிலோ இரும்பு, இறக்கின இடத்தில்தான் கிடக்கும். அதனால் செட்டின் அளவையும் வாசலையும் கருவிகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இருக்கிற கருவிகளையும், அடுத்த ஐந்தாறு வருஷத்தில் வாங்க நினைப்பதையும் ஒரு தாளில் எழுதி, டேப் பிடித்து அளந்து கொள்ளுங்கள். எங்கள் பட்டியல்: ஒன்பது கொழுக் கலப்பை, ஆறடி ரோட்டவேட்டர், லெவலர், கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) ஒரு ஜோடி, டிரெய்லர். கலப்பை அகலம் ஏழடிக்கு மேல் வரும். டிராக்டர் மட்டும் நீளம் பன்னிரண்டு அடிக்குள், ரோட்டவேட்டரை மாட்டினால் பதினைந்து பதினாறு. டிரெய்லரை அளக்கும்போது பெட்டியை மட்டும் அளந்து விடுகிறார்கள். முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பியையும் சேர்த்தால்தான் உண்மையான நீளம். உயரத்துக்கு டிராக்டரின் சைலன்சரைப் பாருங்கள், மேலே கூரை மாட்டியிருந்தால் அதைப் பாருங்கள்.

இனி வரிசை. ஒவ்வொரு கருவியும் டிராக்டரின் லிங்க் (இணைப்புக் கை) மாட்டும் பக்கம் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். டிராக்டர் ரிவர்ஸில் நேராக வந்து, கீழ் லிங்க் இரண்டையும் மாட்டி, டாப் லிங்க் போட்டு, அப்படியே வெளியே போக வேண்டும். இதற்கு ஒரு கருவிக்கு ஒன்பது அடி அகலம் கொடுங்கள். ஒன்றின் பின்னால் ஒன்றாக வைப்பதானால், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் எடுக்கும் லெவலர் மாதிரியானது உள்ளே போகட்டும். அந்தப் பருவத்தில் ஓடும் கருவி டிராக்டரோடு மாட்டியபடியே நிற்கலாம். ஆனால் ஹைட்ராலிக்கில் தூக்கி வைக்காமல் தரையில் இறக்கி விடுங்கள். கீழே பிள்ளைகள் ஓடுகிற வீடு என்றால் இதைக் கட்டாயம் பழக்கிக் கொள்ளுங்கள்.

கேஜ் வீலை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் அது டிரெய்லரில்தான் வயலுக்குப் போய் வருகிறது. எனவே அதற்கு இடம் டிரெய்லருக்குப் பக்கத்தில். இப்படிக் கூட்டினால் டிராக்டருக்கு 11 அடி, ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும் கருவிகளுக்கு 9, டிரெய்லருக்கும் கேஜ் வீலுக்கும் 10, ஆக முப்பது அடி அகலம், இருபது அடி ஆழம். இது எங்கள் கணக்கு. உங்கள் தாளில் வேறு வரும்.

தாளில் வந்ததை நம்பி அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, தூண் வரும் இடங்களில் கம்பு நட்டு, ரோட்டவேட்டர் மாட்டிய டிராக்டரை உள்ளே விட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் வீட்டிலேயே கை பதறுகிற ஆள் யாரோ அவரை ஓட்டச் சொல்லுங்கள். எந்தக் கம்பு சாய்கிறதோ அந்த இடத்தில் தூண் வரக் கூடாது. முன்பக்கம் டிராக்டருக்கும் கருவிகளுக்கும் நடுவில் தூணே இல்லாமல், மேலே ஒரு டிரஸ் (முக்கோண இரும்புச் சட்டம்) கொடுத்து இருபது அடியும் திறப்பாக விட்டால் நல்லது. கொஞ்சம் இரும்பு கூடுதலாகப் போகும், போகட்டும். வாசலுக்கு முன்னால் குறைந்தது இருபத்தைந்து அடி வெறுந்தரை வேண்டும். ஒரு பக்க பிரேக் பிடித்துத் திருப்பினாலும் டிராக்டர் திரும்பும் ஆரம் 3 மீட்டர் அளவுக்கு வரும், அதற்குமேல் அதன் சொந்த நீளமும் உண்டு.

திசை நம் மாவட்டத்தில் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்றின் வேகம் தோவாளைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அதனால்தான். இந்தக் காற்றுக்கு வாசலைக் காட்டினால் உள்ளே புகுந்து ஷீட்டை அடியிலிருந்து தூக்கும். எங்களுடையதில் மேற்கே சுவர், கிழக்கே வாசல். கூரை மேற்கில் ஒன்பதரை அடி, கிழக்கில் பன்னிரண்டு. காற்று தாழ்ந்த பக்கம் மோதி மேலே ஏறிப் போய் விடுகிறது. மழைத் தண்ணீரும் பின்னால் இறங்குகிறது. காலை வெயில் உள்ளே விழுந்து ஈரக் கருவிகளைக் காய வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து அடிக்கும் சாரலுக்கு முன்பக்கக் கூரையை நாலடி நீட்டி விட்டிருக்கிறோம். நீட்டிய பகுதிக்குக் கீழிருந்து தாங்குகட்டை உண்டு, இல்லாவிட்டால் காற்று முதலில் பிடிப்பது அதைத்தான்.

கருங்கல், மார்த்தாண்டம் ஊர்கள் பக்கம் பிரச்சினை வேறு. அங்கே நிலம் சரிவு. மேட்டை வெட்டிச் சமன் செய்து செட் போடுகிறார்கள், ஆனி மழையில் பின்னால் இருக்கும் மண் தண்ணீரோடு சேர்ந்து சுவரைத் தள்ளுகிறது. பின்னால் கருங்கல் தடுப்புச் சுவர், அதில் தண்ணீர் கசிய ஓட்டைகள், அதற்கும் செட்டுக்கும் நடுவே ஓடை. இந்த மூன்றும் இல்லாமல் அங்கே தொடங்க வேண்டாம்.

எந்தப் பக்கமானாலும் தென்னைக்கு அடியில் கூடாது. மட்டையும் தேங்காயும் ஒருபுறம் இருக்கட்டும், 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் தென்னையும் ரப்பரும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மரத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு மர உயரமாவது விடுவார்கள். பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் அதில் கட்டாதீர்கள். புஞ்சையானாலும் ஊராட்சியில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெல்டிங் பட்டறையில் பேசும்போது சதுர அடிக் கணக்கில் பேசினால் பைப்பின் கனம் குறையும். கிலோக் கணக்கில் பேசி, எடைச் சீட்டை வாங்குங்கள். தூண் பைப் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூணை மண்ணில் புதைத்தால் தரை மட்டத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். கான்கிரீட் பீடத்தில் போல்ட் பதித்து, அதன்மேல் பிளேட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அலுமினிய துத்தநாகப் பூச்சுள்ள, நிறம் பூசிய இரும்பு ஷீட் போதும். மணவாளக்குறிச்சி, குளச்சல் போலக் கடல் பக்கத்தில் இருப்பவர்கள் திருகாணியும் துருப்பிடிக்காத ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஷீட் நன்றாக இருக்கும்போதே திருகாணி உப்பில் அரித்துப் போகிறது. ஓரங்களில் திருகாணியை நெருக்கமாகப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். கூரை கழல்வது ஓரத்தில்தான்.

தரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுத்து, இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கும் (சேற்று உழவு ஓட்டும்) நாட்கள்தான் எங்களுக்கு உச்ச வேலை, அது புரட்டாசி, ஐப்பசி, மழையும் அப்போதுதான். ரோட்டவேட்டர் சேற்றோடு வரும். அப்படியே உள்ளே விட்டால் சேறு பிளேடைச் சுற்றிக் காய்ந்து, அடியில் ஈரம் நின்று, இரும்பைத் தின்னும். ஆகவே செட்டுக்கு வெளியே, வாசலுக்கு முன்னால் பத்துக்குப் பன்னிரண்டில் சிமெண்ட் தளம் போட்டு, அங்கே கழுவி, அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள். செட்டுக்குள் தரை வெளியைவிட ஒரு அடி உயரம். மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டு இடித்து, ஜல்லி பரப்பி, ஐந்து அங்குலக் கான்கிரீட். இருபது அடிக்கு மூன்று அங்குலம் வாசல் பக்கம் சரிவு. கேஜ் வீல் நிற்கும் மூலையில் மட்டும் கான்கிரீட் போடவில்லை, கிரஷர் பொடிதான். இரும்புப் பட்டை கான்கிரீட்டைக் கொத்திப் போடும். கேஜ் வீலைத் தூக்க செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சட்டம் நிறுத்துங்கள். கூரைச் சட்டத்தில் தொங்கவிட வேண்டாம்.

யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை இங்கே அடுக்கவே கூடாது. உரம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்தில் இருக்கும் இரும்பு அரிக்கும். வைக்கோலும் வேண்டாம். சூடான சைலன்சர் ஒரு காரணம். வைக்கோலுக்கு வரும் எலி வயரைக் கடிப்பது இன்னொன்று. டீசல் கேன் தனியாக, பூட்டோடு. மழைக்காலத்தில் வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி விடுங்கள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு நீர் கோத்துக்கொள்ளும்.

விளக்குக்கு வயல் மோட்டாரில் இருந்து ஒயர் இழுக்காதீர்கள். அந்த இலவச இணைப்பு தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள், அல்லது தனி இணைப்பு வாங்குங்கள். ஒரு விளக்கு லிங்க் மாட்டும் இடத்துக்கு நேர் மேலே இருக்கட்டும், விடிவதற்கு முன்னால் மாட்டுகிறவர்கள் பின் செருகும் துளையைத் தேடித் தடவ வேண்டாம். பின், கொக்கி, டாப் லிங்க், கிரீஸ் கன் எல்லாவற்றுக்கும் பக்கத்துத் தூணில் மாட்டும் கம்பி வைத்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயின்டால் வரைந்து வைத்தோம். எது வயலில் விட்டுப் போயிற்று என்று சாயங்காலமே தெரியும்.