பழைய செஸ் ஸ்கோர் ஷீட்டைத் திரும்ப ஆடிப் பார்ப்பது எப்படி?

பீரோவை ஒழித்தபோது மஞ்சளடித்துப்போன ஒரு ஸ்கோர் ஷீட் கிடைத்தது, அதாவது செஸ் ஆட்டத்தின் நகர்த்தல்களை நானே எழுதிவைத்த தாள். கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த போட்டி, கடைசிச் சுற்று, ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா. "நேரம் இல்லை, கடைசியில் சொதப்பிவிட்டேன்" என்றுதான் இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அந்தக் கதை நிற்கவில்லை. உங்களிடமும் ஒரு பழைய தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

படி 1: நிஜப் பலகையில் ஆடுங்கள்

மொபைல் வேண்டாம். காய்களை அடுக்கி, தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். அவசரக் கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல இருக்கும். எந்தக் குதிரை நகர்ந்தது என்று எழுத மறந்திருப்போம். ஏதோ ஓர் இடத்தில் ஆட்டம் முட்டி நின்றால், தப்பு அங்கே இருக்காது; நாலைந்து நகர்த்தலுக்கு முன்னால் தேடுங்கள்.

சில தாள்கள் பாதியில் நின்றுவிடும். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் எழுத வேண்டியதில்லை என்கிறது சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூட்டித் தரும் ஆட்டங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது).

படி 2: என்ஜினைத் தொடாதீர்கள்

என்ஜின் என்பது நகர்த்தல்களை அலசிச் சொல்லும் செஸ் மென்பொருள்; அது அப்புறம். முதலில், எங்கே தோற்றோம் அல்லது கோட்டைவிட்டோம் என்று நீங்கள் நினைப்பதை ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியது: "கடைசியில் ராஜாவைத் தப்பான பக்கம் கொண்டுபோனேன்."

படி 3: தொடக்க ஆட்டம்

லீசெஸ் (Lichess) என்ற செஸ் இணையதளத்தில், தொடக்க நகர்த்தல்களைத் தேடிப் பார்க்க உதவும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் ஐந்து நிமிடம் போதும். நம்மைப் போன்றவர்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த முதல் நகர்த்தல்களிலேயே முடிவாவதில்லை.

படி 4: திருப்பம் எங்கே?

யானைகள் வெட்டுப்பட்ட பிறகு என் நிலை இது: என் வெள்ளை ராஜா டி3-ல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை), சிப்பாய் இ2-ல். எதிராளியின் ராஜா இ6-ல். வேறு காய் இல்லை, என் முறை. படிப்பதை நிறுத்திவிட்டு நீங்களே ஒரு நகர்த்தலைத் தேர்ந்தெடுங்கள்.

நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-ல் வைத்தேன். ஓட்டினால்தானே ராணி! கறுப்பு ராஜா இ5-ல் வந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் என்ன, சிப்பாய் இ7 வரை போனது, என் ராஜா இ6-ல், அவருடையது இ8-ல். ஸ்டேல்மேட்: அவர் ராஜாவுக்குச் செக் இல்லை, நகர இடமும் இல்லை, அதனால் டிரா.

ராஜாவை இ4-ல் வைத்திருக்க வேண்டும். இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும், நகர வேண்டியவர் எதிராளி. இதைத்தான் ஆப்பசிஷன் என்கிறார்கள். அவர் டி6 போனால் நான் எஃப்5. எஃப்6 போனால் நான் டி5. பின்வாங்கினால் நான் முன்னேறுவேன். நடுவில் எங்காவது அவர் ஆப்பசிஷனைப் பிடித்தாலும், பின்னால் சும்மா நிற்கும் என் சிப்பாய் ஓரடி வைத்தால் போதும், நகர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் மறுபடி அவர் தலையில். அந்த ஓரடியைத்தான் நான் முதலிலேயே செலவழித்துவிட்டேன்.

படி 5: இப்போது சரிபாருங்கள்

ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின்கூட வேண்டாம், இப்படிப்பட்ட நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸே லீசெஸ்ஸில் இருக்கிறது. அது கணிப்பு இல்லை, தீர்ந்த விடை. என் நிலையைப் போட்டேன். ராஜா இ4-க்கு வெற்றி, சிப்பாய் இ4-க்கு டிரா. நான் இத்தனை நாள் நொந்துகொண்ட ராஜா நகர்த்தல்களுக்கு முன்னாலேயே வெற்றி கைநழுவிவிட்டது. படி 2-ல் எழுதிய வரியை அடித்தேன்.

அந்த "நேரம் இல்லை"? தாளைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி நகர்த்தல்வரை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன், அதுவும் முத்து முத்தான கையெழுத்தில். ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்த மிச்ச நேரம், பதினேழு நிமிடம்.