டைவிங் சாமான்களோடு விமானம் ஏறுகிறீர்களா? மலையகத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கேபின் பை தெரிவு செய்வது எப்படி

மாலைதீவு ஹோட்டல் வேலைக்குப் போன இடத்தில் சுழியோடக் கற்றுக்கொண்டவர்கள், லீவுக்குத் திருகோணமலை போய் ஒருமுறை புறாத்தீவுப் பக்கம் இறங்கிப் பார்த்ததில் பைத்தியம் பிடித்தவர்கள் என்று நம் பக்கத்திலும் டைவிங் ஆட்கள் உண்டு. கோர்ஸ் முடிந்து சொந்தமாக நாலு சாமான் வாங்கியதும் அடுத்த தலைவலி ஆரம்பிக்கிறது. இதையெல்லாம் எந்தப் பையில் போட்டு விமானம் ஏறுவது?

கடையில் அழகான பையாகப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் சாமானை அதற்குள் திணிக்கப் பார்ப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பை கடைசியில் வரட்டும்.

படி 1: எது கையோடு, எது கீழே

எல்லாவற்றையும் பாயில் பரப்புங்கள். ஒவ்வொரு சாமானையும் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது பழுதானாலோ தொலைந்தாலோ என் உயிருக்கு ஆபத்தா? போகிற இடத்தில் எனக்குச் சரிவருகிற மாதிரி வாடகைக்குக் கிடைக்குமா?

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவி), மாஸ்க் இந்த மூன்றும் கையோடு வர வேண்டியவை. தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதே ரெகுலேட்டரை நம்பித்தான்; அதைச் சாமான் ஏற்றுகிறவர்கள் தூக்கி எறியும் பெட்டியில் போடாதீர்கள். மாஸ்க்கில் பவர் கண்ணாடி போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம், அதற்கு மாற்று எங்கும் கிடைக்காது. பிசிடி எனப்படும் மிதவைச் சட்டை, ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை) எல்லாம் கீழே போகும் பெட்டிக்கு. புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் பிசிடியை வாடகைக்கே எடுங்கள். 3, 4 கிலோவைச் சுமந்து போவதில் ஒரு லாபமும் இல்லை. மூழ்க உதவும் ஈயக்கட்டி, காற்றுச் சிலிண்டர் பற்றி யோசிக்கவே வேண்டாம், டைவ் நிலையத்திலேயே இருக்கும்.

கத்தி, நூல் வெட்டி, ஸ்பானர் எல்லாம் கீழே. உதிரி லித்தியம் பேட்டரிகள் இதற்கு நேர்மாறு: அவை கட்டாயம் கையோடுதான். 100 வாட்-மணி (பேட்டரியின் மின்கொள்ளளவு, Wh) வரை பிரச்சினை இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் என்றால் கொண்டுபோக முடியாது. டைவ் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் போடுங்கள். பைக்குள் டார்ச் தானாக ஒளிர்ந்தால் அது பயங்கரமாகச் சூடாகும்.

படி 2: நிறுத்துப் பாருங்கள்

கையோடு வரும் சாமானை மட்டும் ஒரு ரைஸ் பேக்கில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டுங்கள். இரண்டு வாய்ப்பகுதியும் அழுத்தமானியும் ஹோஸும் (காற்றுக் குழாய்) சேர்ந்த ரெகுலேட்டர் செட் சுமார் 3 கிலோ வரும். மாஸ்க் அதன் பெட்டியோடு அரைக் கிலோ. கம்ப்யூட்டர், சின்ன டார்ச், பேட்டரிகள் இன்னொரு அரைக் கிலோ. போன், சார்ஜர், பாஸ்போர்ட், மாற்று உடுப்பு ஒன்று, கடலில் இறங்கும் உடை என்று ஒரு கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 5 கிலோ.

இந்தப் பக்கம் பறக்கும் பல விமானங்களில் எக்கானமிக்குக் கைச்சாமான் அளவு 7 கிலோதான். உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சட்டம், முதலில் அதைப் பாருங்கள். 7 என்றால் பைக்கு மிச்சம் இருப்பது 2 கிலோ. வழியில் வாங்கும் சில்லறைச் சாமானுக்கு அரைக் கிலோ ஒதுக்கினால் பை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பது நமக்குத் தெரிந்த கதை. விமான நிலையத் தராசு பைக்கென்று ஒரு கிராம்கூடக் கழிக்காது. அதனால் கடையில் எந்தப் பையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் எடையைக் கேளுங்கள். எத்தனை அறை, என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

மாலைதீவில் கடல் விமானத்தில் ஏறித் தீவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். அங்கே கைப்பைக்கு 5 கிலோ என்பதுதான் வழக்கம்.

படி 3: அளவு

55 × 35 × 20 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பை பெரும்பாலான விமானங்களில் ஏறிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அகலத்தை. ரெகுலேட்டர் ஹோஸைப் பெரிய வளையமாகச் சுற்றித்தான் வைக்க வேண்டும். மடித்தால் பூண் இருக்கும் இடத்தில் ரப்பர் வெடிக்கத் தொடங்கும். அந்த வளையம் 30 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஒடுங்கலான பள்ளிக்கூடப் பைகள் இங்கேதான் தோற்றுப்போகும். வீட்டில் ரெகுலேட்டரைத் தளர்வாகச் சுற்றி, குறுக்களவை நூலால் எடுத்து, அந்த நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சாதாரண ஃபின்ஸ் 55 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அதைக் கேபின் பையில் போட வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 4: சக்கரமா, தோளா

சக்கரப் பெட்டிதான் வசதி என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஏறி விமான நிலைய வாசலில் இறங்குகிறவர்கள். நாம் லயத்திலிருந்து படிக்கட்டு இறங்கி, கல் ரோட்டில் நடந்து, ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, கடைசியில் கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர வேண்டும். சக்கரம் உருள்வது அந்தக் கடைசிப் பளிங்குத் தரையில் மட்டும்தான். அந்த ஒரு வசதிக்காகச் சக்கரம், இழுக்கும் கம்பி, கெட்டிச் சட்டம் எல்லாம் சேர்ந்து இரண்டரை, மூன்று கிலோவைத் தின்றுவிடும். 7 கிலோவில் ஏறக்குறையப் பாதி!

என் தீர்ப்பு தோள்பைக்குத்தான்: 35 முதல் 40 லிட்டர் கொள்ளளவு, சூட்கேஸ் மாதிரி முழுதாக விரியும் வாய், அகலமான தோள்வார், நெஞ்சில் மாட்டும் பட்டி. முதுகு வலி உள்ளவர்கள் மட்டும் லேசான துணிச் சக்கரப் பை பார்க்கலாம். தனியார் பஸ்ஸில் மேல் தட்டு ஒடுக்கமாக இருப்பதால் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் போவீர்கள். அதற்கும் மெத்தென்ற பைதான் தோது.

படி 5: துணி, ஜிப், மழை

ஜிப் நைலானாக இருக்கட்டும். உலோகப் பல் உப்புத் தண்ணீர் பட்டால் சில மாதத்தில் இறுகிவிடும். இழுவையும் துருப்பிடிக்காத வகையா என்று பாருங்கள். உள்ளே ரெகுலேட்டர் படுக்கும் பக்கம் பஞ்சு வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் டவலும் உடுப்பும் போதும்.

வாயைச் சுருட்டி மூடும் முழு நீர்புகாப் பை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளித் தண்ணீர் உள்ளே போகாத மாதிரியே உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே வராது. கிழக்குக் கடலில் டைவிங் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. அதே மாதங்களில்தான் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். திருகோணமலை வெயிலிலிருந்து அரை ஈரத்தோடு கொண்டுவந்த சாமான் இங்கே காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். சாதாரணத் துணிப் பையும் மேலே போடும் மழை உறையும் போதும்.

காற்றுப் புகாத கெட்டிப் பெட்டியில் கம்ப்யூட்டரை வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அங்கே இறுக்கி மூடிய பெட்டியைக் கடற்கரையில் திறக்கப் பார்த்தால் மூடி அசையாது. வெளிக்காற்று அதை அமுக்கிப் பிடித்திருக்கும். காற்றுத் திறப்பு வால்வு உள்ள பெட்டியாக வாங்குங்கள், அல்லது கீழே போய்ச் சேர்ந்த பிறகு மூடுங்கள்.

படி 6: ஒத்திகை

வாங்கிய அன்றே எல்லாவற்றையும் அடுக்கி, மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஏற்றத்தில் நடந்து பாருங்கள். ரெகுலேட்டர் மேலே வரும்படி அடுக்குங்கள். எக்ஸ்ரேயில் குழாயும் உலோகமுமாகத் தெரிவதால் பாதுகாப்பு அதிகாரிகள் பையைத் திறக்கச் சொல்லலாம். அடியில் இருந்தால் எல்லாவற்றையும் மேசையில் கொட்ட வேண்டிவரும். மாஸ்க்கில் ஆவி படியாமல் பூசும் திரவம் 100 மில்லிக்குள் இருக்கட்டும்.

இன்னொரு சின்ன உபாயம்: குளிருக்குப் போட்டுக்கொண்டு கிளம்பும் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கம்ப்யூட்டரும் பேட்டரிகளும் அதன் பையில் இருந்தால் தராசில் ஏறுவது அரைக் கிலோ குறைவு.

படி 7: திரும்பி வரும்போது

ரெகுலேட்டரை நல்ல தண்ணீரில் கழுவி, தூசி மூடியை மாட்டி, கடற்கரையிலேயே நிழலில் காயவைத்து எடுத்து வாருங்கள்.

கம்ப்யூட்டரை மட்டும் அடியில் போடாதீர்கள், பையின் மேல் அறையில் வையுங்கள். டைவ் செய்த உடனே விமானம் ஏறக்கூடாது என்று கோர்ஸில் சொல்லித் தந்திருப்பார்கள்; உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டலின்படி ஒரேயொரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். அழுத்தத் தளர்வுக்காக நின்று நின்று ஏறும் டைவ் என்றால் அதைவிடவும் நிறைய நேரம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 600 முதல் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருப்பதை வைத்துச் சொன்ன கணக்கு இது. ஹட்டனும் பண்டாரவளையும் 1200 மீட்டருக்கு மேல். ஆகவே திருகோணமலையில் பகலில் இறங்கிவிட்டு அன்றிரவே வேனில் நுவரெலியா ஏறுகிறவருக்கும் விமானம் ஏறுகிறவருக்கும் ஆபத்து ஒன்றுதான். வேன் கிளம்புமுன் கம்ப்யூட்டரில் பறக்கக்கூடாத நேரம் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். கடைசி டைவ் பின்னேரம் மூன்று மணிக்கு முடிந்திருந்தால் அன்றிரவு தம்புள்ளையில் தங்கி, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் மலை ஏறுங்கள்.