கணிதம் படித்துவிட்டுக் கொள்கை ஆய்வுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கணிதத்தில் பட்டம் வாங்கித் தொண்டு இயக்கம் ஒன்றில் சேர்ந்து ஓராண்டான தம்பி ஒருவர் தன் ஆண்டறிக்கையை மடிக்கணினியில் திறந்து காட்டினார். இலவச டியூஷனுக்கு வந்த பிள்ளைகளின் சராசரி ஜனவரியில் இவ்வளவு, அக்டோபரில் இவ்வளவு என்று பட்டை வரைபடம் ஏறிக்கொண்டே போகிறது.

"வருகைப் பதிவேடு இருக்கா தம்பி?" என்றேன்.

"இருக்குக்கா. ஆனா அது எதுக்கு?"

எனக்குப் பசியே போய்விட்டது. அதே வரைபடத்தை நானும் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் தொண்டு இயக்கம், இப்போது பொதுக் கொள்கை ஆய்வு என்று வந்தவள் நான். கூட்டல் பிழை, எழுத்துப் பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணுவது

செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், இரவு 7.30க்கு வகுப்பு. ஜனவரியில் 40 பிள்ளைகள், முதல் சோதனையில் சராசரி 38. அக்டோபர் சோதனையை எழுதியவர்கள் 24 பேர், அவர்கள் சராசரி 52. 14 மதிப்பெண் கூடிவிட்டது என்று அறிக்கை எழுதினேன். கைதட்டினார்கள்.

அந்த 24 பேர் ஜனவரியில் என்ன எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது அவர்களுடைய சராசரி அப்போதே 48. நின்றுபோன 16 பேரின் சராசரி 23. ஆக, உண்மையில் கூடியது 4 மதிப்பெண்தான். மீதி 10, பலவீனமான பிள்ளைகள் கணக்கிலிருந்து மறைந்துபோனதால் வந்தது. பட்டப்படிப்பில் நிகழ்தகவு படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். சொந்த வகுப்பு என்று வரும்போது கண் மறைத்துவிட்டது.

பதிவேட்டில் ஒரு பெண்பிள்ளையின் வரிசை இன்னும் கண்முன் நிற்கிறது. ஏழு சரி அடையாளம், அப்புறம் வெறும் கட்டங்கள், ஓரத்தில் தொண்டூழியர் ஒருவர் பென்சிலால் எழுதியது: 'அம்மாவுக்கு இரவு ஷிப்ட், தம்பிகளைப் பார்க்க வேண்டும்.' காரணம் எங்கள் கையிலேயே இருந்தது. அதை ஒரு எண்ணாக மாற்றி அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் 14ஐ நம்பி நிதி கொடுத்தவர்கள் இன்னும் நான்கு இடங்களில் அதே 7.30க்கு, அதே முறையில் வகுப்பு திறந்தார்கள். அங்கேயும் அதே மாதிரிப் பிள்ளைகள்தான் நின்றுபோனார்கள். யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பணம் போனது. எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த எரிச்சல் எனக்கு அடங்காது.

அந்த 4ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒன்பது மாதத்தில் டியூஷன் இல்லாமலே பிள்ளைகள் கொஞ்சம் முன்னேறத்தான் செய்வார்கள். அதோடு, ஒரே சோதனையில் மிகக் குறைவாக எடுத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினால், அன்று காய்ச்சலில் எழுதியவனும் அதில் இருப்பான், அடுத்த சோதனையில் தானாகவே ஏறுவான். ஓரத்தில் இருப்பவை அடுத்த முறை சராசரியை நோக்கி நகரும் என்று, பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து புள்ளியியலாளர் கால்டன் 1886இலேயே காட்டிய விஷயம்தான் இது. எனவே வகுப்பில் சேராத, அதே நிலையில் உள்ள பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். பள்ளி தராவிட்டால், ஒப்பிட ஆள் இல்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நின்றுபோனவர்களுக்குத் தனி அட்டவணை போடுங்கள்: எத்தனை பேர், எந்த மாதம், முதல் மதிப்பெண் என்ன, ஏன். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். இரவோடு இரவாகப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விழுக்காட்டை எடுப்பது

2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. 2019இல் 5.6. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு 'வறுமை 14 மடங்கு' என்று எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டில் மக்கள் அப்படியா வீழ்ந்தார்கள்? மாறியது கோடு. மாதம் 980 ரிங்கிட்டாக இருந்த குடும்ப வறுமைக் கோட்டை 2020 ஜூலையில் 2,208 ஆகத் திருத்தி, 2019க்கான விகிதத்தை அதை வைத்துக் கணக்கிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, பழைய கோடு நம்பும்படி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். கோலாலம்பூரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் 980 ரிங்கிட்டில் வாழ முடியாது என்பதைச் சந்தைக்குப் போய்வரும் எவரும் சொல்வார்கள்.

நிரூபணம் போல அறிக்கை எழுதுவது

கணித நிரூபணத்தில் முடிவு கடைசியில் வரும். அறிக்கையில் முடிவை முதல் பக்கத்தில் வையுங்கள். மலாய் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கட்டாயம்.

ஆசிரியராக இருந்ததை மறைப்பது

பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், நம் 15 வயதுப் பிள்ளைகளின் கணித மதிப்பெண் 2018இல் 440, 2022இல் 409. இடையில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலமும் உண்டு. இதைப் பற்றிப் பேச உட்காரும் மேசையில், பின்னம் புரியாமல் படிவம் 4 (16 வயதில் படிக்கும் வகுப்பு) வரை வந்துவிட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம். அதைத் தன்விவரத்தில் கடைசி வரியாகத் தள்ளாதீர்கள்.

சேவைதானே என்று சம்பளம் பேசாமல் சேர்வது

பேசுங்கள். சேமநிதி கட்டுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.