பழைய செஸ்னாவில் புதுப் பாகம்: முதலில் காகிதம், அப்புறம் பணம்

1946-ல் தயாரான செஸ்னா 140 என்ற சிறு விமானத்தின் சக்கரத்தில் குட்இயர் பிரேக் இருந்தால் ஒருமுறை குனிந்து பாருங்கள். டிஸ்க்கை போல்ட் போட்டு இறுக்கியிருக்க மாட்டார்கள். அதன் விளிம்பில் உள்ள பற்கள் சக்கரத்தின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும், ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சின்னச் சின்ன கிளிப்புகள் இருக்கும். ஒரு கிளிப் உடைந்தால் போதும், டிஸ்க் கடகடவென்று ஆடி சக்கரத்தின் பள்ளத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். அந்த கிளிப்புக்கும் டிஸ்க்குக்கும் இன்று அலைய வேண்டியிருக்கிறது. பக்கத்து விமானக் கொட்டகையில் இன்னொருவர் கிளீவ்லாண்ட் என்ற வேறு தயாரிப்பு பிரேக் மாட்டி நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார். நாமும் வாங்கி மாட்டினால் என்ன என்று தோன்றும்.

மாட்டலாம். ஆனால் அமெரிக்காவில், ‘என்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உள்ள விமானத்தில், ஒரு பாகம் நல்லதா என்பது ஒரு கேள்வி, அது இந்த விமானத்தில் இருக்க உரிமை உள்ளதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குக் காகிதம்தான் பதில் சொல்லும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒருவரிடம் பழைய பிரேக் செட் ஒன்றை மலிவாக வாங்கினேன், பாகங்களில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதை என் விமானத்தில் மாட்டுவதற்கான அனுமதிக் கடிதம் இல்லை. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. அதனால் சொல்கிறேன், எதை வாங்கும் முன்பும் உங்கள் ஐ.ஏ.விடம் பேசுங்கள். ஐ.ஏ. என்றால் ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக். கடைசியில் கையெழுத்துப் போடப்போவது அவர். எந்தக் காகிதத்தைப் பார்த்தால் அவர் கையெழுத்துப் போடுவார் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அது மாதிரி ஓக்லஹோமா நகரத்தில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவுக் கிளையிடமிருந்து உங்கள் விமானத்தின் முழுக் கோப்பையும் வாங்குங்கள். சிறிய கட்டணம்தான். அங்கே வந்து சேர்ந்த எல்லா 337 படிவங்களும் அதில் இருக்கும். பெரிய மாற்றமோ பெரிய பழுதுபார்ப்போ செய்தால் நிரப்புகிற படிவம்தான் 337. எழுபது, எண்பது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, யார் எதை மாற்றினார்களோ, லாக்புக் (பராமரிப்புப் பதிவேடு) தொலைந்திருந்தாலும் இங்கே தடம் கிடைக்கும். கோப்பில் இருப்பதையும் விமானத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விமானத்தில் இருக்கிற, ஆனால் கோப்பில் இல்லாத மாற்றம் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், புதுசைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

சரி, பாகத்துக்கு வருவோம். பழையதுக்குப் பதிலாக அதே மாதிரி ஒன்றை வைக்கிறீர்களா, இல்லை விமானத்தையே மாற்றுகிறீர்களா? இங்கேதான் வழி பிரிகிறது.

அதே மாதிரி என்றால் எளிது. பி.எம்.ஏ. அங்கீகாரம் உள்ள பாகமா என்று பாருங்கள், அதாவது வேறொரு கம்பெனி எஃப்.ஏ.ஏ. அனுமதியோடு தயாரிக்கும் மாற்றுப் பாகம். பொட்டலத்திலோ அதோடு வரும் சீட்டிலோ எந்த விமான மாடலுக்கு என்று எழுதியிருக்கும், அதில் உங்கள் மாடல் இருக்க வேண்டும். லாக்புக்கில் மெக்கானிக் ஒரு பதிவு எழுதினால் முடிந்தது. தரப்படுத்தப்பட்ட போல்ட், நட் போன்றவற்றுக்கு இந்தத் தொல்லையும் கிடையாது.

மாற்றம் என்றால், அது பெரியதா சின்னதா என்று பார்க்க வேண்டும். எஃப்.ஏ.ஏ. விதிகளில் பகுதி 43-ன் பின்னிணைப்பு ‘ஏ’ இதற்கான பட்டியலைத் தருகிறது: இறக்கை, வால், எஞ்சின் மவுண்ட், லேண்டிங் கியர், கட்டுப்பாட்டு அமைப்பு, எரிபொருள், எண்ணெய், மின்சார அமைப்புகளின் அடிப்படை வடிவமைப்பு என்று போகிறது. அதில் வந்தால் 337 வேண்டும், கூடவே அங்கீகரிக்கப்பட்ட தரவும், அதாவது எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட தொழில்நுட்ப ஆதாரமும் வேண்டும்.

அந்தத் தரவு கிடைக்க நேரான வழி எஸ்.டி.சி. எனப்படும் துணை வகைச் சான்றிதழ். யாரோ ஒருவர் பணமும் நேரமும் செலவழித்து, சோதனை செய்து, இந்த மாற்றம் இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று எஃப்.ஏ.ஏ.விடம் சான்று வாங்கி வைத்திருக்கிறார். நீங்கள் அவரிடம் பாகத்தோடு எழுத்துபூர்வமான அனுமதியும் வாங்க வேண்டும். இது எஃப்.ஏ.ஏ. விதி 91.403-லேயே இருக்கிறது. இணையத்தில் எஸ்.டி.சி. எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. பழைய செட் வாங்கினால் அனுமதி உங்கள் விமானத்தின் பெயருக்கு வருமா என்று எஸ்.டி.சி. வைத்திருப்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

மாடல் பட்டியலையும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். 2016-ல் விமான ஆர்வலர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ. அமைப்பு டைனான் டி10ஏ என்ற மின்னணு கருவிக்கு எஸ்.டி.சி. வாங்கியபோது, சிறு விமானக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் தொடக்கப் பட்டியலில் செஸ்னா 150, 152, 172, பைபர் பிஏ-28, பிஏ-38 மட்டுமே இருந்தன, 140 இல்லை. 140-ம் 140ஏ-வும் ஒன்றுதானே என்றும் நினைக்க வேண்டாம். 140-ன் இறக்கை துணி போர்த்தியது, 140ஏ-வின் இறக்கை உலோகம், வடிவமைப்புக்கு எஃப்.ஏ.ஏ. தரும் வகைச் சான்றிதழே இரண்டுக்கும் தனித்தனி.

துணி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். பழைய பருத்தித் துணிக்குப் பதிலாக செகோனைட், பாலி-ஃபைபர் போன்ற பாலியஸ்டர் துணி போர்த்துவதும் எஸ்.டி.சி. வழியாகத்தான் நடக்கிறது. அங்கே எஸ்.டி.சி. துணிக்கு மட்டும் இல்லை: பசை, பூச்சு, நாடா, செய்யும் வரிசை எல்லாம் சேர்ந்த ஒரு முழு முறைக்கு. ஒரு முறையின் துணியும் இன்னொன்றின் பூச்சும் கலந்தால், வேலை எவ்வளவு அழகாக வந்தாலும் அந்தச் சான்று உங்களுக்கு உதவாது. இறக்கை முழுக்கப் போர்த்திய பிறகு இது தெரியவந்தால் மனசு உடைந்துபோகும். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எஸ்.டி.சி. இல்லையா? அப்படியானால் கள அங்கீகாரம், அதாவது எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர் உங்கள் விமானத்துக்கென்று தரும் ஒப்புதல். 337-ஐ நிரப்பி, பின்பக்கம் 8-ம் கட்டத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று விவரமாக எழுதி, படங்கள், வரைபடம், எடைக் கணக்கு சேர்த்து, வேலை தொடங்கும் முன்பே உங்கள் பகுதி எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் முன்பக்கம் 3-ம் கட்டத்தில் கையெழுத்திடுவார். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதனால் அவருடைய வேலையை எளிதாக்குங்கள். ஏ.சி. 43.13-2பி என்ற எஃப்.ஏ.ஏ. ஆவணத்தில் எந்தப் பக்கத்து முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். “நல்ல முறையில் பொருத்தப்படும்” என்று எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். எத்தனை ரிவெட், என்ன அளவு, விமானத்தின் எந்தச் சட்டகத்தில் என்று எழுதுங்கள். ஆய்வாளர் தயங்கினால், எஃப்.ஏ.ஏ. நியமித்த டி.இ.ஆர். பொறியாளர் ஒருவரிடம் தரவுக்கு ஒப்புதல் வாங்கலாம், அது செலவு பிடிக்கும்.

பழைய விமானக்காரர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 1955 அக்டோபர் 1-க்கு முன் தேதியிட்டு அங்கீகரிக்கப்பட்ட 337 படிவங்களை அங்கீகரிக்கப்பட்ட தரவாகவே ஏற்கிறார்கள். உங்கள் மாடலிலேயே வேறொரு விமானத்தில் அந்தக் காலத்தில் இதே மாற்றம் நடந்திருந்தால் அதன் நகல் பொன்னுக்குச் சமம். சர்வதேச செஸ்னா 120-140 சங்கம் போன்ற இடங்களில் சேர்ந்து கேளுங்கள், யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார்.

எங்குமே கிடைக்காத பாகத்துக்கு, உரிமையாளரே தயாரிக்கும் வழி இருக்கிறது, விதி 21.9 அதை அனுமதிக்கிறது. நீங்களே லேத்தில் நிற்க வேண்டும் என்றில்லை. வரைபடம் கொடுத்தோ, பொருள் கொடுத்தோ, தரச் சோதனை முறையை வகுத்தோ, மேற்பார்வை பார்த்தோ உண்மையாகவே தயாரிப்பில் பங்கெடுத்திருக்க வேண்டும். பாகம் மூல வடிவமைப்போடு ஒத்துப்போக வேண்டும், உங்கள் விமானத்துக்கு மட்டுமே, விற்கக்கூடாது. மாற்றுப் பொருள் பயன்படுத்த நினைத்தால் 2009-ல் வந்த ஏ.சி. 23-27-ஐப் படியுங்கள். பழைய சிறு விமானங்களுக்காகவே எழுதியது. உடைந்தாலும் பறந்து பத்திரமாக இறங்க முடியும் என்கிற வகைப் பாகங்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

மாட்டி முடித்த பிறகு வரும் காகிதத்தில் பலர் அசந்துவிடுகிறார்கள். 337-ல் ஐ.ஏ. கையெழுத்திட்டு விமானம் மீண்டும் பறக்கலாம் என்று ஒப்புதல் தந்ததும் 48 மணி நேரத்துக்குள் ஒரு பிரதி ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டும், இன்னொன்று உங்களுக்கு. எடை, சமநிலைத் தாளையும் கருவிப் பட்டியலையும் புதுப்பியுங்கள். பழைய பிரேக்கையும் புதியதையும் தராசில் வைத்து எடை போட்டே எழுதுங்கள், காட்டலாக்கில் போட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். எஸ்.டி.சி.யோடு வந்த பராமரிப்புக் குறிப்புகளையும் அனுமதிக் கடிதத்தையும் 337 நகலோடு சேர்த்துத் தைத்து, வீட்டில் லாக்புக் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பயணிகள் பகுதியிலோ சாமான் பகுதியிலோ எரிபொருள் தொட்டி வைத்திருந்தால் மட்டும் அந்த 337-ன் நகல் எப்போதும் விமானத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.