நாய்க்கு மாட்டிறைச்சி அவித்துக் கொடுப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் மாட்டிறைச்சி சமைக்காத வீடுகளிலும் நாய்க்கென்று டவுனில் கால் கிலோ வாங்கி வருவார்கள். புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்த நல்ல சாப்பாடுதான் அது. பக்குவம் தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கடை. போயா (பௌர்ணமி) தினத்தில் இறைச்சிக்கடை திறக்காது, முதல் நாளே வாங்கிவிடுங்கள். கொழுப்பு குறைந்த, எலும்பில்லாத சதையாகக் கேளுங்கள். "நாய்க்குத்தானே" என்று ஈரல், நுரையீரலையும் பையில் போட்டுத் தருவார்கள். அவற்றைப் பச்சையாகப் போடவே கூடாது. மாட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளரும், முட்டைகள் மலத்தோடு வெளியே வரும், ரோமத்திலும் ஒட்டும். லயத்து வாசலில் நாயோடு விளையாடும் பிள்ளை கையை வாயில் வைத்தால் அந்த முட்டை உள்ளே போய்விடும். பல வருடம் கழித்துப் பிள்ளையின் ஈரலில் கட்டி தெரியவரும். நாய்க்குச் சாப்பாடு போடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

சதையைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டி, வெறும் தண்ணீரில் அவியுங்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், அதனால் இறைச்சி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் இருந்தால் வேலை சுலபம். பெரிய துண்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். நடுவில் சிவப்பு தெரியக்கூடாது.

உப்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். வெங்காயம், வெள்ளைப்பூடு, நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்கும் லீக்ஸ் மூன்றும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வீட்டுக் கறியில் மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். காய்கறி சேர்க்க ஆசையென்றால் கரட், போஞ்சி போதும்.

அப்புறம் ஆற விடுங்கள். நம்ம குளிருக்குக் கொழுப்பு சீக்கிரமே வெள்ளை ஏடாகப் படியும். அதைக் கரண்டியால் வழித்து எறியுங்கள். அதிகக் கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும்.

பத்துக் கிலோ நாய்க்கு முதல் நாள் ஒரு மேசைக்கரண்டி போதும், அதையும் வழக்கமான சாப்பாட்டில் பிசைந்து கொடுங்கள். இரண்டு நாள் பாருங்கள். வயிற்றுப்போக்கோ சொறிச்சலோ இல்லையென்றால் மெல்லக் கூட்டலாம். கடைத் தீனி தின்னும் நாய்க்கு இறைச்சி பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சோறும் இறைச்சியும் மட்டுமே கொடுத்து வளர்த்தால் கல்சியம் போதாது. குட்டிகளுக்கு எலும்பு வளைந்துவிடும், அதற்கு மிருக வைத்தியரிடம் கேட்டு மருந்து சேர்க்க வேண்டும். அதற்காக அவித்த எலும்பைப் போட்டுவிடாதீர்கள், அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மிச்சத்தைப் பிரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். வெட்டிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நாய்க்குக் குடற்புழு மருந்து கேட்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்து என்று சொல்லி வாங்குங்கள், எல்லா மாத்திரையும் அதைக் கொல்லாது.