எது நல்ல ஸ்காட்ச் என்று தீர்ப்பு சொல்வதற்கு முன்

ஸ்காட்ச் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பாட்டிலை இன்னொன்றோடு மோதவிடாமல் எழுந்திருக்க மாட்டார்கள். தப்பில்லை, பாதி சுகமே அதில்தான். ஆனால் அந்த மோதலில் பல சமயம் ஜெயிப்பது ஆல்கஹால் சதவீதம்தான்.

கிளென்ஃபார்க்ளஸ் என்ற வடிப்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 10 ஆண்டு விஸ்கி 40 சதவீதம். 105 என்று இன்னொன்று உண்டு. அந்த எண் பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கு, இன்றைய கணக்கில் 60 சதவீதம். இரண்டும் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயின் வாசனையோடு வரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அப்படியே ஊற்றி ஒப்பிட்டால் ஒருவர் 105-ஐ ‘என்ன கனம்!’ என்பார், இன்னொருவர் தொண்டை எரிகிறது என்பார். இரண்டு பேரும் பேசுவது காரத்தைப் பற்றி. 105-இல் 20 மில்லி எடுத்து அதில் 10 மில்லி தண்ணீர் சேருங்கள், அதுவும் 40-க்கு இறங்கிவிடும். உலர்திராட்சை எதில் தூக்கல், மரத்தின் துவர்ப்பு எதில் தெரிகிறது என்பதெல்லாம் அப்புறம்தான் புலப்படும். ஊற்றிய அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் மொத்தம் எத்தனை மில்லி ஆக வேண்டும் என்று வந்துவிடும். மருந்துக் கடை சிரிஞ்சு ஒன்று இருந்தால் அளவும் பிசகாது.

தண்ணீர் சேர்ப்பதை கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்ட பிளெண்டர்கள் மாதிரியை 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். இதற்கு வேதியியல் காரணமும் சொல்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-இல் கணினி மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயக்கால், ஆல்கஹால் அதிகமாக இருந்தால் திரவத்துக்குள்ளேயே கலந்து கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்று அதில் தெரிந்தது. மூக்குக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் வேறு விஷயம். குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். வெயில் நாளில் ஐஸ் போட்டு ரசியுங்கள், தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த சறுக்கல் வரிசை. புகை தூக்கலான ஆர்ட்பெக் குடித்த வாய்க்கு மூன்று முறை வடித்த மென்மையான ஆக்கன்டோஷன் வெறும் தண்ணீர்தான். லேசானது முதலில், ஷெர்ரி பீப்பாய் சரக்கு நடுவில், புகையும் அதிக சதவீதமும் கடைசியில். ஒரு சுற்று முடிந்ததும் முதல் கிளாஸுக்குத் திரும்பி வந்து பாருங்கள். முதலில் குடித்தது என்பதாலேயே எடுபடாமல் போன விஸ்கி எது என்று அப்போது தெரியும்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு என்றாலே புகை என்று முடிவு கட்டுவதும் வழக்கமாக நடப்பது. அங்கேயே இருக்கும் புன்னஹாவன் வடிப்பாலையின் 12 ஆண்டு விஸ்கியில் புகையைத் தேடத்தான் வேண்டும். அதே தீவின் ப்ரூக்லாடி ஒரே கூரையின் கீழ் புகையே இல்லாத விஸ்கியும் செய்கிறது, புகையில் மூழ்கிய ஆக்டமோரும் செய்கிறது. வரைபடம் ஒரு குறிப்பு, அவ்வளவே. புகைச் சத்து பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று ரசிகர்கள் ஒப்பிக்கும் பிபிஎம் எண்ணும் அப்படித்தான். அது பாட்டிலில் உள்ள விஸ்கியின் அளவே கிடையாது, புகையில் உலர்த்திய பார்லியில் அளந்தது. ஐலாவின் லாகவூலின், கல் ஈலா என்ற இரண்டு வடிப்பாலைகளுக்கும் போர்ட் எல்லன் ஆலையிலிருந்து ஏறக்குறைய 35 பிபிஎம் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, போகிறது. ஆனால் ஒன்று கனத்துப் படிகிறது, மற்றொன்று எலுமிச்சை வாசனையோடு லேசாக நிற்கிறது. செப்புப் பானையின் வடிவம், எவ்வளவு நிதானமாக வடிக்கிறார்கள், வடிவதில் எந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் பார்லிக்கு அப்புறம் நடக்கிற வேலைகள்.

நிறம் கண்ணை ஏமாற்றுவதில் கெட்டி. ஸ்காட்ச் சட்டப்படி சர்க்கரையைக் கருக்கிய நிறமி ஒன்றைச் சேர்க்கலாம். ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும், பல ஊர்களில் சொல்வதில்லை. அடர்ந்த பழுப்பைப் பார்த்ததும் ‘பழைய பீப்பாய்’ என்று மூளை முடிவு செய்துவிடுகிறது, நாக்கு பின்னாலேயே போய் ஆமாம் போடுகிறது. வேறொருவரை ஊற்றச் சொல்லி, கிளாஸின் அடியில் எண் ஒட்டி, பெயர் தெரியாமல் குடித்துப் பாருங்கள். ஒரே வடிப்பாலையின் மால்ட் விஸ்கியான விலை உயர்ந்த சிங்கிள் மால்டைவிட, பல வடிப்பாலைச் சரக்கைக் கலந்த ஒரு பிளெண்டட் பிடித்துப்போகும் சங்கடமும் நேரலாம். எனக்கு அந்தச் சங்கடம் பிடிக்கும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. லேபிளில் உள்ள 12 என்பது பாட்டிலில் கலந்தவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது. சிங்கிள் மால்டும் ஒரே பீப்பாய் சரக்கு அல்ல, ஒரே வடிப்பாலையின் பல பீப்பாய்களைச் சேர்த்தது. அதிக வயது என்றால் அதிக மரம். சில விஸ்கிக்கு அது அழகு, சிலதைக் கசக்க வைத்துவிடும். ஷெர்ரி பிரியர்கள் தேடி வாங்கும் அபர்லோர் அபூனாவில் வயதே போடுவதில்லை. பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது என்பதால், அப்பா வாங்கி வைத்த 12 ஆண்டு பாட்டில் இன்றும் 12 ஆண்டுதான்.

ஆனால் திறந்த பாட்டில் மாறும். ஒரு வருடமாகக் கால்வாசி மட்டும் மிச்சமிருக்கும் பாட்டிலில் காற்றுதான் அதிகம், அதன் மேல்வாசனைகள் மங்கியிருக்கும். அதை இன்று திறந்த பாட்டிலோடு நிறுத்தினால் போட்டியே கோணல். குறைந்ததைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

சரி, எவ்வளவு ஊற்றுவது? ஆளுக்கு 15 மில்லி, நாலு கிளாஸோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும், அந்தக் குறிப்புகளை மறுநாள் காலையில் படித்தால் சிரிப்பு வரும். ஸ்காட்லாந்துக்கே போய், வடிப்பாலைகள் நிறைந்த ஸ்பேசைட் பகுதியில் காரில் வடிப்பாலை வடிப்பாலையாகச் சுற்றுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2014 டிசம்பரில் அங்கே ஓட்டுநருக்கான வரம்பை 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள், இங்கிலாந்தில் இன்னும் 80 இருந்தபோதே. வண்டி ஓட்டுபவர் கேட்டால் பல வடிப்பாலைகளில் அவருடைய பங்கைச் சின்ன பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி அறையில் உட்கார்ந்து, நாலையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுகிற வாய்ப்பு அவருக்குத்தான்.