ஹேட் பீன் எங்க போடணும்? தமிழ்லயே கண்டுபிடிக்கலாம்

இங்கிலீஷ்ல ஹேட் பீன் வாற பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் டென்ஸ்னு சொன்னாலே டியூஷனுக்கு வாற பிள்ளைங்க மிரளுதுங்க, ஆனா இதை நாம தமிழ்ல தினமும் பேசிட்டுதான் இருக்கோம்.

முதல்ல வாக்கியத்தை தமிழ்லயே சொல்லிப் பாருங்க. வடசேரி பஸ் ஸ்டாண்டுல திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நின்னீங்க, ஏறிப் போய்ட்டு வந்தாச்சு, ராத்திரி வீட்டுல சொல்றீங்க: "பஸ் வரும்போது நான் அரை மணிநேரமா நின்னுட்டு இருந்தேன்." ரெண்டுமே முடிஞ்சு போன விஷயம், பஸ் வந்தது பிந்தி, நின்னது அதுக்கும் முந்தியே தொடங்கியாச்சு.

இப்ப 'மணிநேரமா'ங்கிறதுல கடைசியில வாற அந்த 'ஆ'வைப் பிடிச்சுக்கிடுங்க. அதுவும் இருந்து, வாக்கியம் 'இருந்தேன்'னும் முடிஞ்சா ஹேட் பீன் போட்டு வினையோட இங் சேத்துடுங்க: ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் ஹாஃப் அன் ஹவர் வென் த பஸ் கேம். 'ஆ' இல்லாம சும்மா 'பஸ் வரும்போது நின்னுட்டு இருந்தேன்'னா வாஸ் வெயிட்டிங் போதும். இன்னும் அங்கேயே நின்னுட்டு போன்ல 'அரை மணிநேரமா நிக்கேன்'னு சொன்னா ஹேவ் பீன், இந்த இடத்துல நிறைய பேர் ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஹாஃப் அன் ஹவர்னு சொல்லிடுதாங்க, அது தப்பு.

அடுத்தது ஃபாரா சின்ஸா? எவ்வளவு நேரம்னு வந்தா ஃபார், எப்ப இருந்துன்னு வந்தா சின்ஸ். 'மணியில இருந்து'ன்னு வந்தா 'ஆ' இல்லாட்டியும் ஹேட் பீன்தான். குலசேகரம் பக்கம் ஒரு அக்கா காலையில 4 மணியில இருந்து ரப்பர் பால் வெட்டிட்டு இருந்தாங்க, அப்ப மழை பிடிச்சுட்டு: ஷி ஹேட் பீன் டேப்பிங் சின்ஸ் ஃபோர் வென் த ரெயின் ஸ்டார்ட்டட். ஐ, ஷி, தே யாரா இருந்தாலும் ஹேட் மாறாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. காலையில கதவைத் திறக்கீங்க, மழை நின்னாச்சு, முற்றம் பூரா ஈரம், ஓட்டுல இருந்து தண்ணி சொட்டுது. பெய்ஞ்சதை நீங்க பாக்கல, அடையாளத்தை மட்டும் பாத்தீங்க, இங்கயும் 'ஆ' இல்லாமலே ஹேட் பீன் வரும்: த கிரவுண்ட் வாஸ் வெட். இட் ஹேட் பீன் ரெயினிங்.

கேள்விக்கு ஹேட் முன்னால வரும், ஹேட் யூ பீன் வெயிட்டிங்? இல்லைங்கிறதுக்கு ஹேடன்ட் பீன்.

'தெரியும்'ங்கிற நோ, 'பிடிக்கும்'ங்கிற லைக், 'நம்புறேன்'ங்கிற பிலீவ் மாதிரி வினைக்கு மட்டும் இங் போடாதீங்க, ஐ ஹேட் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்தான் சரி.

இப்ப நீங்க மாத்திப் பாருங்க: "வள்ளம் கரைக்கு வரும்போது நாங்க 5 மணியில இருந்து குளச்சல்ல காத்துட்டு இருந்தோம்."